பெயர் இல்லாதவன் காசோட போனான், பெயர் உள்ளவன் ஏச்சோட நிண்டான்

ஊர் பேர் தெரியாத ஆளோட கொடுக்கல் வாங்கல் செய்வது எங்கட தலைமுறைக்கு இப்ப சாதாரண விசயம். பாவிச்ச ஃபோன் வாங்குவதும் அப்படித்தான். டொலர் பெறுமதிக்கு நிற்கும் டிஜிட்டல் நாணயத்தை யாரோ ஒருவருக்கு விற்று ரூபா எடுப்பதும் அப்படித்தான். "சிக்னல்" தருகிறோம் என்கிற ரெலிகிராம் குழுக்களில் சேர்ந்து ஃபொரெக்ஸ் விளையாடுவதும் அப்படித்தான். இந்தச் சந்தைகளுக்குள் கொஞ்ச நாள் நின்று பார்த்தால் இரண்டு விசயம் உடனே கண்ணில் படும். ஒன்று, எல்லாரும் "என்னை நம்பு" என்கிறார்கள். மற்றது, எல்லாரும் எல்லாரையும் ஏசுகிறார்கள். கள்ளன், பொய்க் கணக்கு, பொறாமை பிடிச்சவன், ஒண்டும் தெரியாதவன் என்று போகும் அந்த ஏச்சு, சில நேரம் தாயையும் சாதியையும் இனத்தையும் இழுத்துத்தான் முடியும்.

இதைப் பார்த்துவிட்டு நம்மட பெரியவங்க சொல்லும் விளக்கம் லேசானது: "முகத்தைக் காட்டாத ஆக்கள் எண்டா அப்படித்தான், கெட்ட கூட்டம், அந்தப் பக்கம் போகாதீங்க." எங்களுக்கு இந்த விளக்கம் போதவில்லை. நம்பிக்கை கேட்பதும் ஏசுவதும் இரண்டு வேறு குணங்கள் இல்லை என்று நினைக்கிறோம். ஒருவர் சொன்னதைச் சரிபார்க்க வழி இல்லாத இடத்தில், அந்த வெறும் இடத்தை நிரப்ப வருவதுதான் சத்தம். அந்தச் சத்தத்தால் யாருக்கு லாபம் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

இலையும் அம்பும்

முகம் காட்டாத வியாபாரம் இன்ரர்நெற்றோடு வந்தது என்று நினைத்தால் அது பிழை. இந்தத் தீவில் அதற்கு ஆயிரத்து அறுநூறு வருசக் கதை இருக்கு. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கைக்கு வந்து இரண்டு வருடம் தங்கிய சீனத் துறவி பாகியான், தான் கேட்ட ஒரு பழங்கதையை எழுதி வைத்திருக்கிறார். முன்பு இங்கே மனிதர் இல்லையாம். ஆவிகளும் நாகர்களும்தான் இருந்தார்களாம். பல நாட்டு வணிகர்கள் அவர்களோடு வியாபாரம் செய்தார்களாம். வியாபார நேரத்தில் ஆவிகள் தங்களைக் காட்ட மாட்டா. பொருளை வைத்து அதன் விலையையும் குறித்து வைக்கும். வணிகர் அந்த விலைக்கேற்பக் கொடுத்துவிட்டுப் பொருளை எடுத்துப் போவார்கள்.

இது கதை. ஆனால் 1660 இல் திருகோணமலைக்குப் பக்கத்தில் கொட்டியாரக் குடாவில் பிடிபட்டு, கண்டி இராச்சியத்தில் 19 வருடம் கைதியாக இருந்த ரொபேர்ட் நொக்ஸ் 1681 இல் வெளியிட்ட புத்தகத்தில் சொல்வது இன்னும் நுணுக்கமானது. காட்டில் வாழ்ந்த வேடர்களுக்கு அம்பு தேவைப்பட்டால் இரவில் கொல்லனுடைய பட்டறைக்கு இறைச்சியைக் கொண்டுவந்து தொங்கவிடுவார்களாம். தங்களுக்கு வேண்டிய அம்பின் வடிவத்தில் ஒரு இலையை வெட்டி அதையும் பக்கத்தில் தொங்கவிடுவார்களாம. கொல்லன் அந்த அளவுக்கே அம்பு அடித்து அதே இடத்தில் வைத்தால், மறுகா இன்னும் இறைச்சி வரும். அடித்து வைக்காவிட்டால் ஒரு நாள் இரவில் அவன் மேல் அம்பு பாயும்.

எங்கட வாகரை, பனிச்சங்கேணிப் பக்கங்களில் தமிழ் பேசி வாழும் கரையோர வேடர்களின் முன்னோரைப் பற்றிய கதையாகவும் இதை வாசிக்கலாம். நாங்கள் இதை எடுத்ததற்குக் காரணம், இதைவிடச் சுருக்கமாக முகமற்ற வியாபாரத்தின் விதிகளை யாரும் சொன்னதில்லை. இலை என்பது என்ன? பொருள் எப்படி இருக்க வேண்டும் என்ற தெளிவான உடன்பாடு. முதலில் வந்த இறைச்சி? முன்பணம். மறுகா வரும் இறைச்சி? நேர்மையாக நடந்தால் நாளைக்கும் வியாபாரம் இருக்கு என்ற உறுதி. இருட்டில் வரும் அம்பு? ஏமாற்றினால் வரும் தண்டனை.

இந்த நாலும் இருந்தபடியால் கொல்லனுக்கு வேடனின் பெயர் தேவைப்படவில்லை. வேடனும் "என்னை நம்பு" என்று கொல்லனிடம் கேட்கவில்லை. விடிந்த பிறகு பட்டறையில் அம்பு இருக்கா இல்லையா என்பது கண்ணுக்குத் தெரியும். வாய்ச்சண்டைக்கு அதில் இடமே இல்லை. பகை இருந்தது, உண்மைதான். ஆனால் அந்தப் பகைக்கு ஒரு ஒழுங்கு இருந்தது: அம்பு அடிக்காதவனுக்குத்தான் அது போகும், கேள்வி கேட்டவனுக்குப் போகாது. இண்டைக்கு இருக்கிற சந்தைகளில் இந்த ஒழுங்குதான் தலைகீழாகப் போயிருக்கு.

முகம் தெரிஞ்சால் மட்டும் போதுமா?

வாவியின் இரண்டு கரையிலும் வளர்ந்தவர்களுக்கு முகம் தெரிந்த வியாபாரம் எப்படி நடக்கும் என்று சொல்லித் தரத் தேவையில்லை. கடையில் கடன் கொப்பி. பொம்பிளைகளுக்குள் சீட்டு. வயல் வெட்டின பிறகு தாறன் என்று எடுக்கும் பசளை. 2014 இல் மண்முனைப் பாலம் திறக்கும் வரை பாதையில் ஏறித்தான் படுவான்கரைக்கும் எழுவான்கரைக்கும் போய் வந்தோம். தயிர்ச் சட்டியும் நெல்லும் இந்தப் பக்கம் வர, சீனியும் புடவையும் அந்தப் பக்கம் போகும். கைமாத்து வாங்கினவன் திருப்பித் தராவிட்டால் அவன்ட குடிக்கும் கோயிலுக்கும் கதை போய்ச் சேரும். பேர் கெட்டால் மகளுக்குக் கலியாணம் பேசுவதுவரை அது பாதிக்கும். நொக்ஸ் சொன்ன இருட்டில் வரும் அம்புக்கு நம்மட ஊரில் இருந்த மாற்று இந்த ஊர்க்கதைதான்.

ஆனால் இதைப் பொற்காலமாக்கிப் பேச எங்களுக்கு விருப்பம் இல்லை. முகத்தை நம்புகிற முறைக்கு இரண்டு பெரிய ஓட்டை இருக்கு. முதலாவது, அந்த நம்பிக்கை "நம்மட ஆள்" என்ற வேலிக்குள்தான் நிற்கும். 1990 ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். செப்டெம்பரில் சத்துருக்கொண்டானில் தமிழ்ச் சனம் கொல்லப்பட்டது. அதற்கு முன் எத்தனையோ வருடம் ஒருவருக்கொருவர் கடன் கொடுத்து வாங்கிய ஊர்கள் அதன் பிறகு ஒருவர் பக்கம் ஒருவர் போகப் பயந்தன. ஒரு தனி ஆள் செய்த நாணயமான வியாபாரம் அந்தப் பயத்தை நிறுத்தவில்லை. முகம் தெரிந்ததாலேயே, பெயரைக் கேட்டதுமே எந்தப் பக்கம் என்று தெரிந்ததாலேயே, ஆபத்து வந்தது.

இரண்டாவது, முகமும் ஏமாற்றும். 2008 இன் கடைசியில் கொழும்பில் கோல்டன் கீ நிறுவனம் விழுந்தபோது அதன் பின்னால் இருந்தவர்கள் பெயர் தெரியாதவர்கள் இல்லை. நாட்டின் மிகப் பெரிய வியாபாரக் குழுமம் ஒன்றின் பெயர் அதில் இருந்தது. அந்தப் பெயரை நம்பித்தான் ஆயிரக்கணக்கானவர்கள் ஓய்வூதியப் பணம்வரை வைப்பிலிட்டார்கள். ஆகவே "முகம் தெரிஞ்ச ஆளிட்ட குடு, ஒண்டும் நடவாது" என்ற புத்திமதி பாதிதான் சரி. எந்த வியாபாரத்திலும் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இலையும் அம்பும் எங்கே?

புள்ளி போட்டுப் பார்த்த கதை

இன்ரர்நெற் வியாபாரம் இந்தச் சிக்கலைத் தீர்க்கக் கண்டுபிடித்த முதல் மருந்து புள்ளி. 1995 இல் தொடங்கிய ஈபே, அடுத்த வருடமே வாங்குபவரும் விற்பவரும் ஒருவருக்கொருவர் மதிப்பீடு போடும் முறையைக் கொண்டுவந்தது. கோயில், குடி, ஊர்க்கதை எல்லாவற்றின் வேலையையும் ஒரு எண் செய்யும் என்ற எண்ணம். கனகாலம் அது வேலையும் செய்தது.

மறுகா என்ன நடந்தது என்பதுதான் எங்களுக்குப் பாடம். உடைந்த பொருளை வாங்கினவர் "பொருள் சரியில்லை" என்று புள்ளி குறைத்தால், விற்றவர் பழிக்குப் பழியாக "இந்த ஆள் மோசமான வாடிக்கையாளர்" என்று திருப்பிப் போட்டார். அந்தப் பயத்தில் வாங்கினவர்கள் உண்மையைச் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டார்கள். எல்லாரும் எல்லாருக்கும் நல்ல புள்ளி போட, புள்ளிக்குப் பெறுமதி இல்லாமல் போனது. 2008 இல் ஈபே ஒரு முடிவு எடுத்தது: இனி விற்பவர் வாங்குபவருக்குக் கெட்ட புள்ளி போட ஏலாது. விற்பவர்கள் கொதித்தார்கள். ஆனால் நிறுவனத்துக்கு ஒரு விசயம் விளங்கியிருந்தது. பகைக்குப் பயந்து குறை சொல்வது நின்றுபோன சந்தை, குறையே இல்லாத சந்தை மாதிரி வெளியில் தெரியும். உள்ளே அழுகும்.

ஏன் அழுகும் என்பதைப் பொருளியலாளர் ஜோர்ஜ் அகெர்லொஃப் 1970 இல் பழைய கார்ச் சந்தையை வைத்து விளக்கினார். 2001 இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் அவர் ஒருவர். அவர் சொன்னதை நம்மட பாவிச்ச ஃபோன் கதையில் வைத்துப் பார்ப்போம். நல்ல ஃபோனையும் திறந்து பூட்டின ஃபோனையும் பிரித்தறிய வாங்குபவருக்கு ஏலாது. ஆகவே அவர் நடுத்தரமான விலைதான் தருவார். அந்த விலைக்கு நல்ல ஃபோன் வைத்திருப்பவர் விற்க மாட்டார், சந்தையைவிட்டுப் போய்விடுவார். மிஞ்சுவது மோசமானவை. விலை இன்னும் இறங்கும். இன்னும் நல்லவர்கள் போவார்கள். கடைசியில் நிற்பது விற்க வந்த ஏமாற்றுக்காரரும் ஏமாந்து கொதிப்பில் இருக்கும் வாங்குபவர்களும்தான். ஏச்சு நிறைந்த சந்தை ஏன் மேலும் மேலும் மோசமாகுது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எங்களுக்குக் கிடைக்கவில்லை. அங்கே ஏச்சுக் கேட்கப் பிடிக்காத நாணயமான ஆள் முதல் ஆளாக வெளியேறுவார்.

நல்ல புள்ளி வைத்திருப்பவரையாவது நம்பலாமா? அதற்கும் ஒரு கதை இருக்கு. சட்டவிரோதப் பொருட்கள் விற்ற மறைவு இணையச் சந்தைகளில் யாருக்கும் உண்மைப் பெயர் இல்லை. மதிப்பீடும், பணத்தை நடுவில் தடுத்து வைத்துப் பொருள் கிடைத்த பிறகு விடுவிக்கும் முறையும்தான் அங்கே எல்லாம். 2015 மார்ச்சில் "எவலூஷன்" என்ற அப்படியான ஒரு சந்தையை நடத்தியவர்கள், நடுவில் வைத்திருந்த எல்லாருடைய பிட்கொயினையும் எடுத்துக்கொண்டு மறைந்தார்கள். அவர்களுக்கு அதுவரை இருந்தது நல்ல பெயர். நல்ல பெயர் என்பது வங்கியில் சேரும் பணம் மாதிரி. பெயருக்குப் பின்னால் ஆள் இல்லை என்றால், ஒரு நாள் முழுவதையும் மீளப்பெற்றுக்கொண்டு போகலாம்.

2023 ஓகஸ்ட்

இப்ப நம்மட நாட்டுக்கு வருவோம். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர், மே மாதம் 360 ரூபா அளவுக்குப் போனது. ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட ஏலாது என்று அறிவித்தது. செப்டெம்பரில் கொழும்பு விலைச்சுட்டிப்படி பணவீக்கம் 69.8 வீதம். மாசச் சம்பளம் மாச நடுவில் முடிந்தது. அந்தக் காலத்தில் "டொலரில் உழைக்கலாம்" என்று ஒருவர் சொன்னால் காது கொடுக்காத வீடு எது? சனம் பேராசையில் போய் விழுந்தது என்று பேசுபவர்கள் இந்த எண்களை ஒரு தடவை பார்க்க வேணும்.

அப்படி வந்ததில் ஒன்றுதான் எம்.ரி.எவ்.ஈ. கனடாவில் பதிந்த நிறுவனம் என்றும், செயற்கை நுண்ணறிவு உங்களுக்காக வர்த்தகம் செய்யும் என்றும் சொன்ன ஒரு செயலி. பணத்தைப் போட்டால் நாளாந்தம் லாபம் திரையில் ஏறும். ஆட்களைக் கொண்டுவந்தால் அதற்கும் பங்கு. கனபேரைக் கொண்டுவந்தவருக்கு "சீ.ஈ.ஓ" என்ற பட்டம். 2023 ஓகஸ்டில் பணத்தை மீளப்பெறுவது நின்றது. மறுகா கணக்குகள் பூச்சியத்துக்குக் கீழே போயின. அதாவது, பணத்தை இழந்தவர்களே இன்னும் பணம் கட்ட வேண்டும் என்று திரை சொன்னது. பங்களாதேஷிலும் இலங்கையிலும் பெருந்தொகை மக்கள் இதில் மாட்டினார்கள். அதே ஓகஸ்டில் இலங்கை மத்திய வங்கி, வங்கித்தொழில் சட்டத்தின் கீழ் தடைசெய்யப்பட்ட பிரமிட் திட்டம் என்று எம்.ரி.எவ்.ஈ.யையும் அதோடு தொடர்பான இலங்கைக் குழுக்களையும் பெயர் சொல்லி அறிவித்தது. அதற்கு முன்னரே ஒன்மெக்ஸ் டிரி, ஸ்போர்ட்ஸ் செயின் போன்ற பெயர்களும் மத்திய வங்கியின் பட்டியலில் ஏறியிருந்தன. பட்டியல் நல்லதுதான். ஆனால் எம்.ரி.எவ்.ஈ. விசயத்தில் பட்டியலும் வீழ்ச்சியும் ஒரே மாதத்தில் வந்தன.

இப்படியான திட்டங்களுக்குள் நம்பிக்கை எப்படி உற்பத்தியாகுது என்று பார்த்தால் இலையும் இல்லை, அம்பும் இல்லை. இருப்பது ஸ்கிரீன்சொட். லாபம் ஏறின திரையின் படம், புதுக் காரின் படம், ஹோட்டலில் நடந்த கூட்டத்தின் படம். தொடக்கத்தில் சிலருக்குப் பணம் உண்மையிலேயே கைக்கு வரும். அது பின்னால் வந்தவர்கள் போட்ட பணம். அது வந்ததால் முன்னால் வந்தவர் பொய் சொல்லாமலே மற்றவருக்குச் சாட்சி சொல்லுவார்: "எனக்கு வந்தது, உனக்கும் வரும்."

சிக்னல் குழுக்களின் கெட்டித்தனத்தையும் ஒருக்கால் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1,024 பேருடைய இலக்கம் என்னிடம் இருக்கு என்று வையுங்கோ. 512 பேருக்கு "நாளைக்கு விலை ஏறும்" என்று அனுப்புகிறேன், மற்ற 512 பேருக்கு "இறங்கும்" என்று. பிழைத்த பாதியை விட்டுவிட்டு, சரியாக வந்த 512 பேரை மட்டும் எடுத்துத் திரும்பவும் இரண்டாகப் பிரிக்கிறேன். இப்படி ஐந்து நாள் செய்தால் 32 பேர் மிஞ்சுவார்கள். அந்த 32 பேருக்கும் நான் ஐந்து நாளும் ஒரு தடவைகூடப் பிழைக்காத மேதை. ஆறாம் நாள் காசு கேட்டால் தருவார்கள். எனக்கு ஃபொரெக்ஸ் பற்றி ஒரு எழுத்தும் தெரிந்திருக்கத் தேவையில்லை. பெயரும் தேவையில்லை.

ஏச்சு யாருக்குப் போகுது?

இனித்தான் எங்கட முக்கியமான விசயம். இந்தக் குழுக்களில் முதலில் ஏச்சு வாங்குவது ஏமாற்றினவர் இல்லை. "மூன்று நாளாகக் காசு எடுக்க ஏலாமல் இருக்கு, ஏன்?" என்று கேட்டவர்தான். அவருக்கு "நெகட்டிவ் ஆள்" என்று பட்டம் கிடைக்கும். கிரிப்டோக்காரர் "ஃபட் பரப்புறார்" என்பார்கள், அதாவது பயத்தையும் சந்தேகத்தையும் கிளப்பிவிடுகிறார் என்று. மற்ற உறுப்பினர்களே சேர்ந்து ஏசி அவரை வெளியேற்றுவார்கள். அவர்கள் கெட்டவர்கள் என்பதால் இல்லை. அவர்களுடைய பணமும் உள்ளே இருக்கு. சந்தேகம் பரவினால் எல்லாரும் ஒரே நேரத்தில் காசை எடுக்கப் போவார்கள், அப்ப தங்களுக்கு மிஞ்சாது என்று உள்ளுக்குள் தெரியும். ஆகவே நடத்துபவர் காவல்காரர் வைக்கத் தேவையில்லை. ஏமாறப் போகிறவர்களே காவல் நிற்பார்கள். ஈபேயில் விற்றவர்கள் செய்த வேலையை இங்கே ஏமாந்தவர்களே செய்கிறார்கள்.

விழுந்த பிறகு ஏச்சு எங்கே போகும்? மேலே இருந்தவருக்குப் பெயர் இல்லை, முகவரி இல்லை, அவர் கனடாவிலா கம்போடியாவிலா என்று யாருக்கும் தெரியாது. கீழே இருந்தவர்களுக்குப் பெயர் இருக்கு. சேர்த்துவிட்டது மச்சான், மாமி, ரியூஷன் சேர், பக்கத்து வளவு அக்கா. பெயர் இல்லாதவனைப் பிடிக்க ஏலாதபடியால் பெயர் உள்ளவன் வீட்டு வாசலுக்குச் சனம் போகும். நகையை அடகு வைத்துப் போட்ட பெண் புருசனுக்குச் சொல்லாமல் வட்டி கட்டுவார். சகோதரங்கள் கதைக்காமல் விடும். ஒரு சமூகத்தைச் சேர்ந்தவர் மற்றச் சமூகத்தவரைச் சேர்த்துவிட்டிருந்தால் "அவங்கட ஆக்கள் எப்பவும் இப்படித்தான்" என்று பழைய காயத்தில் கையை வைப்பார்கள். முகமற்ற சந்தையின் பகை கடைசியில் வந்து விழுவது முகம் தெரிந்த ஊருக்குள்தான். பல பத்தாண்டு சேர்ந்த ஊர் நம்பிக்கையை எரிபொருளாக எரித்துத்தான் அந்தத் திரையில் லாபம் ஏறியது.

சேர்த்துவிட்டவர்களுக்குப் பொறுப்பே இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. இப்படியான திட்டத்தை ஊக்குவிப்பதும் விளம்பரப்படுத்துவதும் சட்டப்படி குற்றம். தெரிந்துகொண்டே "சீ.ஈ.ஓ" பட்டத்துக்காக ஓடித் திரிந்தவரும், தங்கச்சி கேட்டாள் என்று செயலியை இறக்கிக் கொடுத்தவரும் ஒரே தட்டில் இல்லை என்றுதான் சொல்கிறோம். ஊரின் கோபம் இந்த வித்தியாசத்தைப் பார்ப்பதில்லை.

அப்ப என்ன, முகம் இல்லாத வியாபாரமே வேணாமா?

எங்கட நிலைப்பாடு அது இல்லை. பெயர் மறைக்கிறவர் எல்லாம் கள்ளரும் இல்லை. வீட்டில் இருந்து கேக் செய்து விற்கும் பெண் தன் படத்தையும் பெயரையும் போடாததற்குக் காரணம் கேட்கத் தேவையில்லை. போட்டால் இரவு பன்னிரண்டு மணிக்கு யார் அழைப்பு எடுப்பார்கள் என்று எல்லாப் பெண்களுக்கும் தெரியும். பெயரைப் பார்த்ததும் இனத்தைக் கணக்குப் பார்க்கும் ஒரு நாட்டில், பெயர் இல்லாமல் விற்பது சிலருக்கு முதல் தடவையாகச் சமமான சந்தை. மட்டக்களப்பில் இருந்துகொண்டு எங்கேயோ இருக்கும் முகம் தெரியாத நிறுவனத்துக்கு இணையத்தில் வடிவமைப்பு வேலை செய்து உழைக்கும் தம்பி தங்கச்சிமாரும் இருக்கிறார்கள். "முகம் தெரியாதவனோட சேராத" என்பது அவர்கள் சோற்றில் மண் போடும் புத்திமதி.

வேண்டியது முகம் இல்லை, இலையும் அம்பும். ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலிலும் நாலு கேள்வி கேட்கலாம். என்ன பொருள், எந்த அளவு, எப்ப என்பது எழுத்தில் தெளிவாக இருக்கா? என் பணம் போன பிறகு பொருள் வரும் வரை அது யார் கையில் நிற்கும்? இந்த ஆளுக்கு என்னோடு நாளைக்கும் வியாபாரம் செய்யத் தேவை இருக்கா, அல்லது இண்டைக்கே எடுத்துக்கொண்டு போனால் அவருக்கு லாபமா? ஏமாற்றினால் நான் போய் நிற்கக்கூடிய இடம் எது?

டிஜிட்டல் நாணயத்தை ஆளுக்கு ஆள் விற்பதை எடுத்துப் பாருங்கோ. விற்பவருடைய நாணயத்தைத் தளம் தடுத்து வைக்கும். வாங்குபவர் வங்கிக்கு ரூபா போடுவார். வந்ததும் விற்பவர் விடுவிப்பார். இரண்டாம் கேள்விக்கு இதில் ஓரளவு பதில் இருக்கு. ஏமாற்று நடப்பது அந்த முறைக்கு வெளியே. மாற்றின வங்கி ஸ்லிப்பின் படத்தை அனுப்பி "கெதியா விடு, அவசரம், நீ என்ன கள்ளனா?" என்று ஏசுவார்கள். கவனியுங்கோ, ஏச்சு இங்கே ஒரு கருவி. உங்களை அவசரப்படுத்தி, கணக்கில் காசு வந்ததா என்று பார்க்க விடாமல் செய்யும் கருவி. நாலாம் கேள்விக்கோ பதில் மிகப் பலவீனம். இப்படியான நாணயங்களை நாட்டில் எந்தச் சட்டமும் பணமாக ஏற்கவில்லை. அவற்றுக்கான கொடுப்பனவுக்கு வங்கி அட்டைகளைப் பாவிக்க ஏலாது என்று மத்திய வங்கி 2021 ஆம் ஆண்டின் பணிப்புரையைக் காட்டித் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கு. விழுந்தால் பிடிக்க வலை இல்லை என்று தெரிந்துகொண்டு ஏறுவது ஒன்று, தெரியாமல் ஏறுவது வேறு.

எம்.ரி.எவ்.ஈ.க்கு இந்த நாலு கேள்வியையும் போட்டுப் பாருங்கோ. ஒன்றுக்கும் பதில் இல்லை. லாபம் எங்கிருந்து வருகுது என்ற இலையே அங்கே இல்லை.

கடைசியாக ஒன்று, இது விற்பவருக்கோ வாங்குபவருக்கோ இல்லை, சுற்றி நிற்கும் எங்களுக்கு. கேள்வி கேட்பவரை ஏசுகிற குழு எதுவாக இருந்தாலும், அந்த ஏச்சையே எச்சரிக்கைப் பலகையாக எடுக்க வேணும். நாணயமாக வியாபாரம் செய்பவருக்குக் கேள்வி தொந்தரவாக இருக்கலாம், ஆபத்து இல்லை. அதே மாதிரி, காசு போனவரைப் பார்த்து "படிச்சவன்தானே, உனக்கு விளங்கலையா?" என்று சிரிப்பதையும் நிறுத்த வேணும். அந்தச் சிரிப்புக்குப் பயந்துதான் பலர் பொலிசுக்கோ மத்திய வங்கியின் நிதிசார் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்துக்கோ போகாமல் இருக்கிறார்கள். முறைப்பாடு இல்லாவிட்டால் பட்டியல் பிந்தும். பட்டியல் பிந்தினால் அதே ஆட்கள் புதுப் பெயரில் அடுத்த செயலியோடு வருவார்கள், அதைச் சொல்லிக்கொண்டு வருவது திரும்பவும் நம்மட மச்சான்தான்.

அவர் வரும்போது கதவை அடிச்சுச் சாத்தவும் வேணாம், காசை எடுத்துக் கொடுக்கவும் வேணாம். இருத்தி, தேத்தண்ணி கொடுத்து, அந்த நாலு கேள்வியையும் கேளுங்கோ. அவரிடமும் பதில் இருக்காது. ஆனால் யாரும் ஏசாமல் கேட்டபடியால், அவர் தன்ட காசைப் போட முதல் அதே கேள்விகளை மேலே இருப்பவரிடம் கேட்க ஒரு வாய்ப்பு இருக்கு.